பதிவேட்டிலிருந்து திரைக்கு: பாலாற்றுத் தோல் பதனிடும் பகுதியில் பொதுத் தகவலும் அரசின் பொறுப்புக்கூறலும் (1974–2025)

ஆய்வுச் சுருக்கம்

வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர், ராணிப்பேட்டை ஆகிய ஊர்களை இணைக்கும் பாலாற்றுத் தோல் பதனிடும் பகுதியில், நீர் மாசு பற்றிய அரசுத் தகவல் பொதுமக்களை எவ்வடிவங்களில் வந்தடைந்தது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. 1974ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்த பதிவேடு, உச்ச நீதிமன்ற வழக்கில் தாக்கலான பிரமாணப் பத்திரம், இழப்பீட்டுப் பட்டியல், இணையவழிக் கண்காணிப்புத் திரை என்னும் நான்கு ஆவணங்கள் கால வரிசையில் ஒப்பிடப்படுகின்றன. தகவல் வெளியாவது மட்டும் பொறுப்புக்கூறலை உண்டாக்குவதில்லை. பாதிக்கப்பட்டவர் படிக்கத்தக்கதாகவும், பொறுப்பாளரைப் பெயரிட்டுக் காட்டுவதாகவும், பதில் சொல்லக் கடமைப்பட்ட ஓர் அமைப்பின்முன் வைக்கப்படுவதாகவும் இருந்தபோதே ஆவணம் பயன் தந்தது என்பது இக்கட்டுரையின் முடிபாகும்.

திறவுச்சொற்கள்: பாலாறு, தோல் பதனிடும் தொழில், தகவல் அறியும் உரிமை, பொறுப்புக்கூறல், இணையவழிக் கண்காணிப்பு, இழப்பீடு.

முன்னுரை

வேலூர் நகரின் பழைய கடைவீதியான லாங் பஜாரில் ஒரு பொருளை வாங்குபவர், அதன் எடையைத் தம் கண்ணால் காண்கிறார். தராசில் அரசு முத்திரை இருத்தல் வேண்டும். எடை குறைந்தால் முறையிட ஓர் அலுவலர் உண்டு. அளவு கண்ணுக்குத் தெரிவது, அளப்பவர் யாரென அறியப்படுவது, தவறினால் கேட்க ஓர் இடம் இருப்பது ஆகிய மூன்றும் அங்கு ஒருங்கே அமைந்துள்ளன. இதே நகரின் வடபுறமாகச் செல்லும் பாலாற்றின் நீரைப் பருகியவர்க்கும், அதனைக் கொண்டு பயிர் செய்தவர்க்கும் இவை எந்த அளவிற்குக் கிட்டின என்பதே இக்கட்டுரையின் வினா.

அரசின் வெளிப்படைத்தன்மை பற்றிய அண்மைக்கால ஆய்வுகள் பெரும்பாலும் இணையத்தையே தொடக்கப் புள்ளியாகக் கொள்கின்றன. பாலாற்றுப் பகுதியின் வரலாறோ இணையத்திற்கு முற்பட்டது. தகவலைத் திறந்து வைக்கும் சட்டக் கடமை இங்கு இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே உருவாகிவிட்டது. அக்கடமை எவ்வாறு நிறைவேறியது, எங்கே நின்றுபோனது என்பதை அறியாமல் இன்றைய இணைய ஏற்பாடுகளை மதிப்பிட இயலாது.

1. ஆறும் தொழிலும்

கர்நாடகத்தின் நந்தி மலைப்பகுதியில் தோன்றும் பாலாறு ஆந்திரம் வழியாக வாணியம்பாடி அருகே தமிழகத்தினுள் நுழைந்து, ஆம்பூர், வேலூர், ராணிப்பேட்டைப் பகுதிகளைக் கடந்து வயலூர் அருகே கடலில் கலக்கிறது. அதன் ஏறத்தாழ 348 கிலோமீட்டர் நீளத்தில் 222 கிலோமீட்டர் தமிழகத்தில் உள்ளது. ஆண்டின் பெரும்பகுதி இந்த ஆற்றில் மேல்நீரோட்டம் இராது. மணலின் அடியில் நீர் நிற்கும். ஆற்றோரக் கிணறுகளும் ஊற்றுக்கால்களுமே வேளாண்மைக்கும் குடிநீருக்கும் ஆதாரமாக விளங்கின. ஆகவே இங்கு மாசு என்பது கண்முன் ஓடும் கறைநீராக மட்டும் வெளிப்படவில்லை. நிலத்தடியில் பரவி, பல ஆண்டுகளுக்குப் பின் கிணற்று நீரின் சுவையிலும் பயிரின் வாட்டத்திலும் தெரிந்தது. கண்ணால் காண முடியாத இம்மாசினை நிறுவ அளவீடும் ஆவணமும் இன்றியமையாதனவாயின.

ஆவாரம் பட்டை, கடுக்காய் முதலிய தாவரப் பொருள்களைக் கொண்டு தோல் பதனிடும் மரபு இப்பகுதியில் நெடுங்காலம் நிலவியது. 1972இல் சீதாராமையா குழு அளித்த பரிந்துரைகளைத் தொடர்ந்து, பச்சைத்தோலும் அரைப்பதத் தோலும் ஏற்றுமதியாவது கட்டுப்படுத்தப்பட்டு, முழுமையாக்கப்பட்ட தோலும் தோற்பொருள்களும் ஊக்குவிக்கப்பட்டன. அந்நியச் செலாவணி பெருகியது. குரோமியம் கொண்டு பதனிடும் முறையும் பரவியது. தோலைக் கெடாமற் காக்கும் உப்பும், பதனிடும் குரோமியமும் கழிவுநீரின் முதன்மைச் சிக்கல்களாயின. தொழிலை வளர்த்த கொள்கையும் தொழிலைக் கண்காணிக்கும் கடமையும் ஒரே அரசின் கைகளில் இருந்தன என்பது இங்குக் கருதத்தக்கது.

2. 1974ஆம் ஆண்டின் பதிவேடு

நீர் (மாசு தடுப்பு மற்றும் கட்டுப்பாடு) சட்டம் 1974இல் இயற்றப்பட்டது. தமிழ்நாட்டில் மாசு கட்டுப்பாட்டு வாரியம் 1982 பிப்ரவரி 27 அன்று அமைக்கப்பட்டது. கழிவுநீரை வெளியேற்றும் ஆலை வாரியத்தின் இசைவைப் பெறவேண்டும் என்னும் விதி பலரும் அறிந்ததே. அதே 25ஆம் பிரிவின் 6ஆம் உட்பிரிவு அவ்வளவாகக் கவனிக்கப்படவில்லை. இசைவுடன் விதிக்கப்பட்ட நிபந்தனைகளை வாரியம் ஒரு பதிவேட்டில் எழுதி வைத்தல் வேண்டும். அக்கழிவுநீரால் பாதிக்கப்பட்டவரோ, அதில் அக்கறை உடையவரோ, அவர் அனுப்பும் ஆளோ உரிய நேரங்களில் அதனைப் பார்வையிடலாம் என்பது அவ்விதி.

தகவல் அறியும் உரிமை தனிச் சட்டமாவதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்பே இவ்வுரிமை எழுத்து வடிவம் பெற்றுவிட்டது. 1923ஆம் ஆண்டின் அலுவல் இரகசியச் சட்டம் நடைமுறையில் இருந்த நாட்டில் இது குறிப்பிடத்தக்க விலக்காகும். பொது அலுவலர்கள் செய்வதை அறியும் உரிமை மக்களுக்கு உண்டு என உச்ச நீதிமன்றம் ராஜ் நாராயண் வழக்கில் கூறியது 1975இல்தான்.

எனினும் இப்பதிவேட்டின் அமைப்பிலேயே மூன்று வரம்புகள் இருந்தன. முதலாவது, அது அலுவலகத்தில் இருந்தது. படிக்க விரும்புபவர் அங்குச் செல்லவேண்டும். இரண்டாவது, அது எந்த மொழியில் எழுதப்படவேண்டும் என்பது பற்றிச் சட்டம் பேசவில்லை. மூன்றாவது, நிபந்தனையைக் காட்டும் கடமை இருந்ததேயன்றி, நிபந்தனை பின்பற்றப்பட்டதா என்பதைக் காட்டும் கடமை இல்லை. ஆலை எவ்வளவு கழிவுநீரை வெளியேற்றலாம் என்பதைப் பதிவேடு கூறும். எவ்வளவு வெளியேற்றியது என்பதைக் கூறாது.

1988ஆம் ஆண்டுத் திருத்தம் இக்குறையை ஓரளவு சரிசெய்தது. 60 நாள் முன்னறிவிப்புக் கொடுத்து எவரும் நீதிமன்றத்தில் புகார் செய்யலாம் எனவும், அவ்வாறு செய்பவர் கேட்டால் வாரியம் தன்னிடமுள்ள உரிய அறிக்கைகளைத் தரவேண்டும் எனவும் 49ஆம் பிரிவு மாற்றப்பட்டது. பொதுநலனுக்கு எதிரானது எனக் கருதினால் வாரியம் மறுக்கலாம் என்னும் விதிவிலக்கும் அதனுடனேயே சேர்க்கப்பட்டது.

இக்காலத்தில் பிற நாடொன்றில் நிகழ்ந்த மாற்றம் ஒப்பிடத்தக்கது. 1984 டிசம்பரில் நிகழ்ந்த போபால் நச்சுவாயு விபத்தின் அதிர்ச்சி அமெரிக்காவில் 1986ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றிற்கு வழிவகுத்தது. ஆலைகள் வெளியேற்றும் நச்சுப்பொருள்களின் ஆண்டுக் கணக்கை ஆலை வாரியாகத் தொகுத்து, கணினித் தொடர்பின் வழியே மக்கள் காணுமாறு வைக்கவேண்டும் என அச்சட்டம் பணித்தது. இந்தியாவில் நிகழ்ந்த பேரிழப்பு அங்கே மாசுக் கணக்கைப் பொதுவில் திறந்தது. இங்கு 1986இல் இயற்றப்பட்ட சுற்றுச்சூழல் (பாதுகாப்பு) சட்டம் அரசுக்கு விரிந்த அதிகாரங்களைத் தந்தது. அத்தகைய பொதுக் கணக்கு எதனையும் கட்டாயமாக்கவில்லை.

3. நீதிமன்றத்தில் வெளிப்பட்ட கணக்கு (1991–1996)

வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991இல் உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த பொதுநல வழக்கு இந்தியச் சுற்றுச்சூழல் சட்ட வரலாற்றில் பெயர் பெற்றது. முன்னெச்சரிக்கைக் கோட்பாடும், மாசுபடுத்துபவரே செலவை ஏற்கவேண்டும் என்னும் கோட்பாடும் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதிகளே என 1996 ஆகஸ்ட் 28 அன்று நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தீர்ப்பளித்தது. கோட்பாட்டு நோக்கில் இத்தீர்ப்பு மிகுதியாக ஆராயப்பட்டுள்ளது. தகவல் வரலாற்று நோக்கில் அதனை அணுகும்போது வேறொரு கூறு புலப்படுகிறது.

இவ்வழக்கில் மாசு கட்டுப்பாட்டு வாரியம் 1992இல் தாக்கல் செய்த பிரமாணப் பத்திரம், அன்றைய வட ஆற்காடு அம்பேத்கர் உள்ளிட்ட ஐந்து மாவட்டங்களில் 584 தோல் பதனிடும் ஆலைகள் இருப்பதாகத் தெரிவித்தது. அவற்றுள் இசைவு கோரி விண்ணப்பித்தவை 443. கழிவுநீர்ச் சுத்திகரிப்பு அமைப்பை நிறுவ அரசு அளித்த காலக்கெடு 1985 ஜூலை 31. அதுவரை அவ்வமைப்பை நிறுவியவை 33 மட்டுமே. கெடு முடிந்து ஆறாண்டுகளுக்கு மேலாகியும் நூற்றுக்கு ஆறு ஆலைகள்கூடக் கட்டளையை நிறைவேற்றவில்லை என்பது வாரியத்தின் சொந்தக் கணக்கிலிருந்தே வெளியானது. வாரியம் அறிந்திருந்தும் பொதுவெளியில் விடை தேவைப்படாதிருந்த ஓர் உண்மை, நீதிமன்றம் கேட்டபோது ஆணையுறுதியுடன் கூறப்பட்டது.

இதற்கு இணையாக, மக்கள் தரப்பிலும் ஆவணங்கள் உருவாகியிருந்தன. தமிழ்நாடு சட்ட உதவி வாரியத்தின் வேண்டுகோளின்படி வழக்கறிஞர் இருவர் திருப்பத்தூர், வேலூர், ராணிப்பேட்டைக் கோட்டங்களின் 59 ஊர்களை உள்ளடக்கி அறிக்கை அளித்தனர். திண்டுக்கல் பகுதியின் 13 ஊர்களில் அமைப்பொன்று நடத்திய ஆய்வில், 467 கிணறுகளில் 350 மாசுற்றிருந்தமை தெரிந்தது. தோல் பதனிடும் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ சாகுபடிக்குத் தகுதியற்றுப் போனது என்பது வேலூரில் உள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழக ஆராய்ச்சி மையத்தின் தொடக்கநிலை மதிப்பீடு. ஊர், கிணறு, நிலம் என்னும் அலகுகளில் எழுதப்பட்ட இவ்வறிக்கைகள், ஆலை என்னும் அலகில் எழுதப்பட்ட வாரியக் கணக்கை எதிர்கொண்டன. இரண்டும் ஒரே மேசையில் வைக்கப்பட்டமையே வழக்கின் திருப்பம் எனலாம்.

தீர்ப்பின் மற்றொரு கூறு இங்கு முதன்மையானது. தம் செயல் சுற்றுச்சூழலுக்குத் தீங்கற்றது என நிறுவும் பொறுப்பு தொழில் நடத்துபவரையே சாரும் என நீதிமன்றம் கூறியது. இதன் தருக்கப்பூர்வ விளைவு தகவலைப் பற்றியதாகும். மெய்ப்பிக்கும் சுமை ஆலையின்மீது இருக்குமாயின், கணக்கு வெளியிடப்படாமை ஆலைக்கு எதிராகவே கொள்ளப்படவேண்டும். இவ்விளைவு பின்னர் வந்த நிர்வாக விதிகளில் முழுமையாக இடம்பெறவில்லை என்பதே இக்கட்டுரை சுட்ட விரும்பும் குறை.

4. இழப்பீட்டுப் பட்டியல்

தீர்ப்பின்படி, சுற்றுச்சூழல் இழப்பைக் கணித்து இழப்பீடு வழங்கும் ஆணையம் ஒன்றை மத்திய அரசு 1996 செப்டம்பரில் அமைத்தது. ஆலை ஒவ்வொன்றிற்கும் 10,000 ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது. வழக்கின் தொடர் கண்காணிப்பு சென்னை உயர் நீதிமன்றத்தின் தனி அமர்விடம் ஒப்படைக்கப்பட்டது. ஆணையம் 2001 மார்ச் 7 அன்றும், 2009 ஆகஸ்ட் 24 அன்றும் இழப்பீட்டு ஆணைகளைப் பிறப்பித்தது. முதல் ஆணையில் ஏறத்தாழ 29 ஆயிரம் பேர் பாதிக்கப்பட்டோராக இனங்காணப்பட்டனர்.

ஆவண வகை என்னும் நிலையில் இப்பட்டியல் முந்தையவற்றினின்று வேறுபட்டது. பதிவேடு ஆலையைப் பெயரிட்டது. பிரமாணப் பத்திரம் எண்ணிக்கையைத் தந்தது. இழப்பீட்டுப் பட்டியலோ பாதிக்கப்பட்டவரையும், அவருக்குச் சேரவேண்டிய தொகையையும், அதனைச் செலுத்தவேண்டிய ஆலையையும் ஒன்றாக இணைத்தது. தன் பெயர் அதில் உள்ளதா என ஓர் உழவர் கேட்கலாம். இல்லையெனில் காரணம் கேட்கலாம். உள்ளதெனில் தொகை எப்போது வரும் எனக் கேட்கலாம். கேள்விக்கு இடமளிக்கும் ஆவணமாக அது அமைந்தது.

ராஜஸ்தானில் 1994 முதல் மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் நடத்திய மக்கள் விசாரணைகள் இங்கு ஒப்புநோக்கத்தக்கவை. பொதுப்பணிக் கூலிப் பட்டியல்கள் ஊர்கூடிய இடத்தில் உரக்கப் படிக்கப்பட்டன. பட்டியலில் பெயர் இருந்தும் கூலி பெறாதவர்கள் அங்கேயே எழுந்து பேசினர். அங்குத் தகவல் உரிமை இயக்கம் வலுப்பெற்றது பெயர்ப்பட்டியலை அடிப்படையாகக் கொண்டே. பாலாற்றுப் பகுதியிலும் பெயர்ப்பட்டியல் உருவாயிற்று; அதனை ஊரில் படித்துச் சரிபார்க்கும் சட்டக் கடமை உருவாகவில்லை.

5. தகவல் உரிமைச் சட்டங்கள்

தகவல் உரிமைக்கெனத் தனிச் சட்டம் கொண்டுவந்த முதல் இந்திய மாநிலம் தமிழ்நாடு. 1997இல் வந்த அச்சட்டம், விலக்குகள் மிகுந்திருந்தமையால், நடைமுறையில் பெரிதும் பயன்படவில்லை. 2005 அக்டோபர் 12 அன்று முழுமையாக நடைமுறைக்கு வந்த மத்தியச் சட்டமே மாற்றத்தைக் கொணர்ந்தது.

இப்பகுதியின் சிக்கலோடு நேரடித் தொடர்புடைய விதிகள் அச்சட்டத்தில் நான்கு உள்ளன. முதலாவது, ஒரு தனியார் நிறுவனத்தைப் பற்றி வேறொரு சட்டத்தின்கீழ் அரசு பெறத்தக்க தகவலும் ‘தகவல்’ என்னும் வரையறைக்குள் அடங்கும். ஆகவே ஆலையின் கழிவுநீர்க் கணக்கை வாரியத்தின் வழியாகக் கேட்கலாம். இரண்டாவது, பொருள்களின் சான்றிட்ட மாதிரிகளைப் பெறுவதும் உரிமையின் பகுதியாகும். மூன்றாவது, தன்னிடம் சலுகையோ உரிமமோ அனுமதியோ பெற்றவர்களின் விவரங்களை அரசு அமைப்பு எவரும் கேட்காமலே வெளியிடவேண்டும். வாரியத்தின் இசைவாணைகளும் இவ்விதிக்குள் வருவன என்றே கொள்ளத்தகும். நான்காவது, தகவலைப் பரப்பும்போது வட்டார மொழியையும், அவ்வட்டாரத்திற்கு ஏற்ற தொடர்பு முறையையும் கருத்தில் கொள்ளவேண்டும். பரப்புதல் என்பதற்குச் சட்டம் தரும் விளக்கத்தில் அறிவிப்புப் பலகை, செய்தித்தாள், பொது அறிவிப்பு, ஒலிபரப்பு, இணையம் ஆகியன வரிசையாக இடம்பெறுகின்றன. இணையமே ஒரே வழி எனச் சட்டம் கொள்ளவில்லை.

இவ்விதிகளை ஒருங்கே நோக்கினால், 1974ஆம் ஆண்டுப் பதிவேட்டின் மூன்று வரம்புகளும் 2005இல் சட்டத்தளவில் நீங்கிவிட்டமை புலனாகும். அலுவலகத்திற்குச் செல்லவேண்டியதில்லை, தமிழில் கேட்கலாம், ஆய்வறிக்கைகளையும் பெறலாம். ஆயினும் விண்ணப்பம், 30 நாள் காத்திருப்பு, மேல்முறையீடு என்னும் படிகளில் உரிமை ஒவ்வொருவரின் தனி முயற்சியாயிற்று. தாமாக முன்வந்து வெளியிடும் கடமை நிறைவேறியிருந்தால் தேவைப்படாத விண்ணப்பங்களே இங்குப் பெரும்பாலானவை எனக் கருத இடமுண்டு. விண்ணப்பங்களை இணையவழியில் பெறும் தளங்களை அமைக்கவேண்டும் என 2023இல் உச்ச நீதிமன்றம் பணித்தது. கேட்பது இதனால் எளிதாயிற்று. கேட்காமலே கிடைக்கவேண்டியது கிடைப்பது வேறு.

6. இணையவழிக் கண்காணிப்பு

மிகுதியாக மாசுபடுத்தும் 17 வகைத் தொழில்களும், பொதுக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களும் இணையவழித் தொடர் கண்காணிப்புக் கருவிகளைப் பொருத்தவேண்டும் என மத்திய மாசு கட்டுப்பாட்டு வாரியம் 2014 பிப்ரவரியில் ஆணையிட்டது. 2017 பிப்ரவரி 22 அன்று பர்யாவரண் சுரக்ஷா சமிதி வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒருபடி மேலே சென்றது. உடனுக்குடன் பதிவாகும் அளவுகளை மாநில வாரியத்தின் இணையதளத்தில் பொதுமக்கள் காணுமாறு வெளியிடவேண்டும் என்றது. 43 ஆண்டுகளுக்கு முன் அலுவலக நேரத்தில் மட்டும் திறந்திருந்த பதிவேடு, எந்நேரமும் திறந்திருக்கும் திரையாக மாறுவதற்கு இத்தீர்ப்பு வழிகாட்டியது.

இம்மாற்றத்தின் பயனைக் குறைத்து மதிப்பிடலாகாது. நிபந்தனையை மட்டும் காட்டிய ஆவணம், நிகழ்வதைக் காட்டும் ஆவணமாகிறது. அதே நேரத்தில் அதன் எல்லையையும் காணவேண்டும். 2015 ஜனவரி 31 அன்று அதிகாலை, ராணிப்பேட்டை சிட்கோ வளாகத்தில் இருந்த பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுத் தேக்கச் சுவர் இடிந்து, அருகிலிருந்த ஆலையில் உறங்கிய 10 தொழிலாளர்கள் இறந்தனர். வெளியேறும் நீரின் தன்மையை அளக்கும் கருவி, தேக்கி வைக்கப்படும் கசடின் அளவையோ, அதனைத் தாங்கும் சுவரின் வலிமையையோ காட்டாது. எதனை அளப்பது என்பதைத் தீர்மானிப்பவரே எதனை மக்கள் அறிவர் என்பதையும் தீர்மானிக்கிறார். கருவியின் எண் வெளியிடப்படுவதோடு, எவை அளக்கப்படவில்லை என்பதும் கூறப்படுமாயின் வெளிப்படைத்தன்மை முழுமை பெறும்.

திரைக்கு மற்றொரு குறையும் உண்டு. அமில காரத் தன்மை, உயிர்வேதி ஆக்சிஜன் தேவை என்பன போன்ற அலகுகளில் ஓடும் எண்கள், கிணற்றடியில் நிற்பவருக்குத் தம் நீரைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. எண் வரம்பு மீறினால் யார், எத்தனை நாளில், என்ன செய்யவேண்டும் என்பது திரையில் இராது. பதில் சொல்பவரின் பெயர் இல்லாத எண் வெறும் காட்சியாகவே எஞ்சும்.

7. 2025ஆம் ஆண்டுத் தீர்ப்பும் புதிய தடையும்

1996 தீர்ப்புக்கு 28 ஆண்டுகளுக்குப் பின், 2025 ஜனவரி 30 அன்று, இதே பகுதியைப் பற்றிய மேல்முறையீட்டில் நீதிபதிகள் ஜே.பி. பர்திவாலா, ஆர். மகாதேவன் ஆகியோர் தீர்ப்பளித்தனர். 2001, 2009 ஆணைகளின்படி இழப்பீடு இன்னும் பெறாத குடும்பங்களுக்கு அரசு ஆறு வாரங்களுக்குள் அதனை வழங்கி, ஆலைகளிடமிருந்து வசூலிக்கவேண்டும் என்றனர். ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் குழு அமைக்கவும், தொடர் கட்டளைப் பேராணையின் வாயிலாக நிறைவேற்றத்தைக் கண்காணிக்கவும் வழிவகுத்தனர். கால் நூற்றாண்டுக்கு முந்தைய பட்டியலொன்று மீண்டும் உயிர்பெற்றது, அதில் பெயர்களும் தொகைகளும் இருந்தமையாலேயே.

இடையில் நிர்வாக எல்லைகளும் மாறிவிட்டன. 2019 நவம்பரில் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிக்கப்பட்டு, ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் மாவட்டத்திலும், ராணிப்பேட்டை தனி மாவட்டத்திலும் அடங்கின. ஒரே ஆற்றின், ஒரே பட்டியலின் நிலையை அறிய விரும்புபவர் இன்று மூன்று ஆட்சியர் அலுவலகங்களை நோக்கவேண்டியுள்ளது. இணையம் மெய்யாகவே உதவத்தக்க இடம் இதுவே.

ஆனால் 2023ஆம் ஆண்டின் எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 44(3) பிரிவு, தகவல் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜே) உட்பிரிவைத் திருத்தி, தனிநபர் தகவல் என்பதையே விலக்குக்குரியதாக்கியது. அவ்வுட்பிரிவில் முன்பிருந்த பொதுநலன் பற்றிய நிபந்தனை நீங்கிவிட்டது. 8(2) பிரிவின் பொதுவான பொதுநலன் விதியே எஞ்சியுள்ளது. இழப்பீட்டுப் பட்டியல் பெயர்களால் ஆனது. பெயர்கள் மறைக்கப்பட்டு மொத்தத் தொகை மட்டும் வெளியானால், பெற்றவர் யார், விடுபட்டவர் யார் எனச் சரிபார்க்க இயலாது. வறியவரின் தனிமறைவைக் காப்பதும் அவருக்கு உரியது அவரைச் சேர்ந்ததா என்பதைக் காப்பதும் இங்கு முரண்படக்கூடும். கைப்பேசி எண், வங்கிக் கணக்கு முதலியவற்றை நீக்கி, ஊர், பெயர், தொகை, வழங்கிய நாள் ஆகியவற்றை மட்டும் வெளியிடுவது இம்முரணுக்கு ஏற்ற தீர்வாகும்.

முடிவுரை

மேற்கண்ட நான்கு ஆவணங்களின் ஒப்பீட்டிலிருந்து பின்வரும் முடிபுகள் பெறப்படுகின்றன.

பாலாற்றுப் பகுதியில் தகவலைத் திறக்கும் சட்டக் கடமை இணையத்தால் வந்ததன்று. 1974 முதலே உள்ளது. ஆவணத்தின் ஊடகம் மாறியபோது அணுக்கம் பெருகியது; பொறுப்புக்கூறல் தானாகப் பெருகவில்லை.

பொறுப்புக்கூறல் நிகழ்ந்த இரு தருணங்கள் 1992இன் பிரமாணப் பத்திரமும், 2001இன் இழப்பீட்டுப் பட்டியலும் ஆகும். முன்னது பதில் சொல்லக் கட்டாயப்படுத்தும் மன்றத்தின்முன் வைக்கப்பட்டது. பின்னது பாதிக்கப்பட்டவரையும் பொறுப்பாளரையும் பெயரால் இணைத்தது. இணையத்திரைக்கு இவ்விரண்டு பண்புகளும் தரப்படும்போதே அது இவற்றின் வரிசையில் இடம்பெறும்.

ஆகவே ஆலை வாரியான இசைவு நிபந்தனை, கருவியின் அளவு, வரம்பு மீறலின் மீதான நடவடிக்கை, இழப்பீட்டின் நிலை ஆகியவை ஒரே இடத்தில், தமிழில், பொறுப்பு அலுவலரின் பதவியுடன் வெளியிடப்படல் வேண்டும். சட்டமே அறிவிப்புப் பலகையை இணையத்தோடு ஒப்ப வைத்திருப்பதால், அவ்விவரம் ஊராட்சி அலுவலகச் சுவரிலும், லாங் பஜார் போன்ற மக்கள் கூடும் கடைவீதிகளிலும் ஒட்டப்படுவது சட்டத்தின் நோக்கிற்கு முற்றிலும் இயைந்ததே. அரிசியின் எடையைக் கண்டு வாங்க அங்கு வருபவருக்கு, தாம் குடிக்கும் நீரின் கணக்கையும் அங்கேயே கண்டு கேட்கும் உரிமை உண்டு.